சந்தனப் பொட்டு வைத்த பூட்டு

புதிதாகக் கணினிப் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் தலைவர் கேட்டார். ஈப்போவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இப்போது செமோரில் வீடு, வாசலில் பாகற்கொடி, மாலையில் கொஞ்சம் நடை. ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் லேசில் நிறுத்த மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழியை அவர் மேல் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

எந்தக் குறியாக்கம் பலமானது, எந்த மென்பொருள் வேகமானது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். விவரம் வேண்டுமென்றால் விற்பனையாளர்கள் வருவார்கள். இலவசப் பேனாவும் தின்னக் கறிபாப்பும் கொண்டுவருவார்கள். 'ராணுவத் தரம்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்த தாளை நீட்டுவார்கள். எந்த நாட்டு ராணுவம் என்று ஒருமுறை கேட்டேன். அதற்குப் பிறகு அந்த ஆள் என் பக்கம் திரும்பாமலேயே பேசி முடித்துவிட்டுப் போனார்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு பூட்டைப் பற்றி. பல்கலைக்கழகத்துக் கணினிகளுக்கும், கையோடு எடுத்துப்போகிற சேமிப்புக் கருவிகளுக்கும் பூட்டுத் தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்தது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது விளங்கும்.

எல்லாம் ஒரு கோப்பிக் கடையில் ஆரம்பித்தது. எங்கள் விரிவுரையாளர் ஒருவர் மடிக்கணினியைக் காரின் பின் இருக்கையில் வைத்துவிட்டு, காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கார்க் கண்ணாடி உடைந்திருந்தது. கணினிக்குள் மாணவர்களின் மதிப்பெண்ணிலிருந்து பெற்றோரின் சம்பளம் வரைக்கும் இருந்தது. மேலிடத்தில் ஒரே அமளி. எல்லாவற்றையும் பூட்டு, உடனே பூட்டு என்று உத்தரவு வந்தது. அதுவரை நான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். ஆனால் திருட்டுப்போனால்தானே நம் ஆட்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும்.

கணினிகளில் தொல்லை இருக்கவில்லை. இயங்குதளத்தோடு வருகிற குறியாக்கத்தையே எல்லாவற்றிலும் போட்டோம். யாராவது கடவுச்சொல்லை மறந்துவிட்டால் திறப்பதற்கு ஒரு மீட்புச் சாவி உண்டு. அது எங்கள் பிரிவில் இருக்கும். பல்கலைக்கழகத்துக் கணினி, பல்கலைக்கழகத்துச் சாவி. யாரும் முணுமுணுக்கவில்லை.

கையடக்கக் கருவிகளில்தான் சூசா, அதாவது தொல்லை, வந்தது. சாதாரண பென்டிரைவில் மென்பொருளால் பூட்டுப் போட்டால், போகிற இடத்துக் கணினியிலெல்லாம் அந்த மென்பொருள் இருக்க வேண்டும். வெளியூர்க் கருத்தரங்குக்குப் போன பேராசிரியர் மேடையில் நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசியில் அழைப்பார். அந்தக் கூத்தைப் பலமுறை பார்த்தவள் நான். ஆகவே பேசிப் பேசி, கடைசியில் மேல்பக்கத்தில் எண் பொத்தான்கள் உள்ள ஒரு வகைக் கருவியை எடுத்தோம். பாதிக் கைபேசி அளவுதான் இருக்கும். இரகசிய எண்ணை அழுத்தி, திறக்கும் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். எந்தக் கணினியில் செருகினாலும் வேலை செய்யும். தவறான எண்ணைத் தொடர்ந்து பத்து முறை கொடுத்தால் உள்ளே இருப்பதைத் தானே அழித்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். திருடன் திண்டாடுவதைக் கண்ணால் பார்ப்பதுபோல ஒருவர் சிரிக்கவே செய்தார். "உரியவருக்கே விரல் தவறினால்?" என்று நான் கேட்டேன். அதற்கும் வழி இருந்தது. கருவியைக் கொடுப்பதற்கு முன்பே அலுவலகத்துக்கென்று இரண்டாவது எண் ஒன்றைப் பதித்துவிடலாம். உரியவர் சொதப்பினாலும் நாங்கள் திறந்து கொடுக்கலாம். அப்படியே எல்லாக் கருவிகளுக்கும் செய்தோம், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று டாக்டர் மலர்விழியுடையது. சமூகவியல் துறை. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து முன்னுக்கு வந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். பேச்சில் மட்டும் எனக்கு மூத்தவள். ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்து, அதனால் நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை, கிடைக்காமல் இருக்கிறவர்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. சொந்த நாட்டில் பிறந்துவிட்டு, பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாதவர்கள். நிரந்தர வேலை கிடையாது, வங்கிக் கணக்குக் கிடையாது. மலர் அவர்களையும், அவர்கள் பிறப்புக்குச் சாட்சி சொல்லக்கூடிய வயதானவர்களையும் தேடிப் போய்ப் பேச வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

கருவியை வாங்கிய அன்றே அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, இதுல ஓப்பிஸ் நம்பர் இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கு."

"எனக்கு வேணாம். எடுத்துருங்க."

"நாங்க என்ன, தொறந்து பாத்துக்கிட்டா இருக்கப்போறோம்? அவசரத்துக்குலா."

மலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்க தாத்தா என்ன வேல பாத்தாரு, அக்கா?"

அவளுக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர் என் தாத்தா. "கிராணிதான்" என்றேன்.

"எங்க தாத்தா பால்மரம் வெட்டுனாரு. எங்காளுங்க பத்திரம் எல்லாம் கிராணி மேசையிலதான் இருந்துச்சு. அவங்களும் அவசரத்துக்குன்னுதான் வாங்கி வெச்சாங்க. அவசரம் வந்தப்ப மேசையையும் காணோம், ஓப்பிஸையும் காணோம், தோட்டத்தையே காணோம். நான் உங்களச் சொல்லல. ஆனா ஓப்பிஸ்ல ஒரு சாவி இருக்குன்னு சொன்னா, அந்தச் சனங்க எங்கிட்ட வாயே தொறக்க மாட்டாங்க. என்னைத் தவிர யாராலும் தொறக்க முடியாதுன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. தாத்தா நல்லவர் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சில்லை என்று புரிந்ததால் அடக்கிக்கொண்டேன். அலுவலக எண்ணை எடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டேன்: இதே மாதிரி இன்னொரு கருவியில் எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சரி என்றாள். இரண்டாவது கருவிக்கு எழுதிப் போட்டோம்.

நான் அன்று செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். பூட்டு என்பது பொருளுக்கு மட்டுமல்ல, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்குக்கும்தான். உங்களிடம் யாராவது வந்து விதியிலிருந்து விலக்குக் கேட்டால், உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். உட்கார வைத்துக் காரணத்தைக் கேளுங்கள். பாதிப் பேர் சோம்பேறித்தனத்தால் கேட்பார்கள்; அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மற்றவர்களிடம் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும்.

இரண்டாவது கருவி வரத் தாமதமாயிற்று. இதற்கிடையில், ஆட்களைப் பற்றிய ஆராய்ச்சிப் பதிவுகள் சாதாரணக் கணினியில் தங்கக் கூடாது என்று எங்கள் விதி இருந்தது. மலர் அதைப் படித்தாள். சொன்னபடியே கணினியிலும் கைபேசியிலும் இருந்ததை அழித்தாள். ஆக, எல்லாம் அந்த ஒற்றைக் கருவிக்குள். விதியை மதிக்காதவர்களால் வரும் தொல்லை எனக்குப் பழகிப்போனது. விதியை எழுத்துப் பிசகாமல் மதிக்கிறவர்களால் வரும் தொல்லை புதிது.

அந்த நேரத்தில் சரஸ்வதி பூசை வந்தது.

சமூகவியல் துறையில் பூசையை நடத்துவது சரோஜா அக்கா. துறையின் கிளார்க். பக்தியிலும் சரி, கொண்டைக்கடலைச் சுண்டலிலும் சரி, கை தாராளம். கூட்ட அறையில் படம் வைத்து, புத்தகங்கள், மடிக்கணினிகள், அச்சுப்பொறி, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் அடுக்கி, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். "படிக்கிற சாமான், சம்பாதிக்கிற சாமான், எல்லாம் சாமிகிட்ட வரணும்" என்பார். துறையில் இருந்த பூட்டுக் கருவிகள் எல்லாம் வரிசையாகப் பூசைத் தட்டுக்கு வந்தன. மலருடையதும்தான். பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் இராத்திரி முழுக்க அது கூட்ட அறையில் கிடந்தது. பூட்டியிருக்கிறதே, யார் எடுத்தால் என்ன என்று மலர் நினைத்திருக்கிறாள். நல்ல பூட்டுக்கு இந்தக் குணம் உண்டு. போட்டவருக்கு அசட்டுத் துணிச்சலைக் கொடுத்துவிடும்.

மறுநாள் காலை மலர் என் அறைக் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கருவி. அவளுக்குப் பின்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், மோட்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, சிவப்பாவே எரியுது. நம்பர் சரியாத்தான் போடறேன்."

"எத்தன தடவ போட்ட?"

"ஆறா, ஏழா. தெரியல. எட்டாவும் இருக்கலாம்."

கருவியைப் பார்த்தேன். எண் பொத்தான்களின் நடுவில், மிக நேர்த்தியாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். இராத்திரி காய்ந்து இறுகி, பொத்தான்களின் இடுக்கில் இறங்கியிருந்தது. மலர் மேலோட்டமாகத் துடைத்திருந்தாள். ஒரு பொத்தான் அழுத்தினால் எழும்பவே யோசித்தது. எந்த அழுத்தல் பதிந்தது, எது பதியவில்லை, எது இரண்டு முறை பதிந்தது, யாருக்கும் தெரியாது.

"இன்னும் ஒரு தடவ மெதுவா போட்டுப் பாக்கறேன்" என்று மலர் கையை நீட்டினாள்.

"கையை எடு" என்றேன். அவளிடம் அப்படி நான் பேசியதே இல்லை. கருவியை வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கேலிக்கூத்தாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பதற்றத்தில் இருக்கிறவர்களின் கை சொன்ன பேச்சுக் கேட்காது. என் கையும் உட்பட. எனக்கே ஒருமுறை அழுத்திப் பார்க்கலாமா என்று ஊறியது. நெருக்கடியில் முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதைச் செய்வதற்குத்தான் அதிக அனுபவம் வேண்டும்.

பிறகுதான் யார் இவர், எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அவர் பெயர் மணியம். கோலா கங்சார் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் தினக்கூலி. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அவர் குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். யாரும் பிறப்பைப் பதியவில்லை. அவரைப் பிரசவம் பார்த்த தோட்டத்து மருத்துவச்சியை மலர் தேடிக் கண்டுபிடித்து, அவர் பேசியதைப் பதிவு செய்திருந்தாள். மணியம் பக்கத்தில் இருந்தால் பேச மாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டதால், மணியம் அதைக் கேட்டதில்லை. வக்கீல் முன்னால் கையெழுத்து வாங்குவதற்குள் மருத்துவச்சி இறந்துபோனார். பல மாதம் காத்திருந்து கிடைத்த பதிவு இலாகா நேர்காணல் மறுநாள் காலை. அந்தக் குரலைத் தவிர மணியம் இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று சொல்ல வேறு ஆதாரம் கிடையாது. அது என் மேசையில் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது.

இவ்வளவு காலம் மதிப்பெண்ணுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் பூட்டுப் போட்டவள் நான். ஒரு மனிதன் பிறந்ததையே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரியாமப் போச்சு மேடம். பொட்டு நிக்கணும்னு கொஞ்சம் கெட்டியாக் கொழச்சேன்."

"அக்கா, யாரும் உங்களத் திட்டல. எல்லாத்துக்கும் ஒரே சந்தனந்தானா?"

"ஒரே கிண்ணந்தான். ஒரே மாதிரிதான் வெச்சேன்."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதே கிண்ணத்துச் சந்தனம், அதே விரல், அதே இராத்திரி. தட்டில் இருந்த மற்றக் கருவிகளில் ஒன்று இன்னும் காலியாக இருந்தது; யாரும் எதையும் போட்டு வைக்கவில்லை. அதை எடுத்துவரச் சொன்னேன். அதுவும் மலருடையதைப் போலவே மக்கர் செய்தது. ஒரு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டாகப் பதிந்தது. அதைச் சுத்தம் செய்யும் விதத்தைச் சோதித்தோம். முதலில் செய்த விதம் சரிப்படவில்லை. ஈரம் உள்ளே போய் நிலைமை இன்னும் மோசமானது. அந்தத் தவற்றை மலரின் கருவியில் செய்திருந்தால் என்று நினைத்து மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டாவது விதத்தில், காய விட்ட பிறகு, ஒழுங்காகத் திறந்தது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் தவறு செய்து பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவசரத்தில் அப்படி ஓர் இடத்தைத் தேடத் தோன்றுமா என்பதுதான் கேள்வி.

மலரின் கருவியையும் அதே போல, திறக்கும் பொத்தான் அழுந்திவிடாமல், சுத்தம் செய்து வைத்தேன். அப்புறம் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். இப்போதே போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள் மலர். கருவி செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிட்டுத் தொடலாம், நேர்காணலைத் தள்ளிப்போடு என்றேன் நான். குரல் உயர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன். மணியம் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க, உட்காருங்க என்றுகூட யாரும் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அண்ணே, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினேன். விஷயத்தை உடைத்துச் சொன்னேன். இன்னும் ஓரிரண்டு தடவைதான் பாக்கி இருக்கலாம். தவறினால் உள்ளே இருப்பது போய்விடும். காத்திருந்தால் வேறு வழி கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ளதான் மருத்துவச்சி ஆயா கொரல் இருக்கா?"

"ஆமாண்ணே."

"இன்னொரு பொட்டியும் இதே மாதிரிதான் இருந்துச்சு. காஞ்ச பொறவு தொறந்துச்சு இல்ல?"

"தொறந்துச்சு."

"அப்ப இதுவும் காயட்டும்லா. நான் இன்னிக்கி வேலைக்கிப் போவல. மத்தியானம் வரைக்கும் இருக்கேன். நல்லாக் காஞ்ச பொறவு டாக்டர் போடட்டும். போனா, என் தலையெழுத்துன்னு போறேன். உங்களக் கேக்க மாட்டேன்."

எங்கள் இரண்டு பேருடைய யோசனையும் அவசரத்தில் வந்தவை. என்னுடையது பயத்தில் வந்த அவசரம், அவ்வளவுதான். இழக்கப்போகிறவரே முடிவு செய்ததும் அறையில் சத்தம் அடங்கியது. சரோஜா அக்கா மீந்த சுண்டலையும் தேநீரையும் கொண்டுவந்தார். மணியம் நன்றாகச் சாப்பிட்டார். நானும் மலரும் வெறுமனே கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் மலர் எண்ணை அழுத்தினாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் விரலை முழுக்க எடுத்துவிட்டு அடுத்ததை அழுத்தினாள். எண்ணைப் பார்க்கக் கூடாது என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மலர் அழ ஆரம்பித்தது கேட்டது. திரும்பினேன். பச்சை விளக்கு.

அழுகைக்கு நடுவில் மருத்துவச்சியின் பதிவைத் தேடி ஓட விட்டாள். படத்தில் ஒடிசலான ஓர் அம்மா, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், அன்றைக்கு மழை எப்படிக் கொட்டியது, குழந்தை முதலில் அழாமல் எப்படிப் பயமுறுத்தியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். "நாந்தான் இந்தக் கையால அவனப் புடிச்சேன்" என்றார். மணியம் திரையை நோக்கிக் குனிந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கக் கூடாது என்று இருந்தது.

"அவன் ஆத்தாளப் பத்திச் சொல்லணும்னா..." என்று மருத்துவச்சி தொடர்ந்தார். மலர் சட்டென்று மணியத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வாக்கியம் போயிருக்கும். மணியம் கையை உயர்த்தினார். மலர் நிறுத்திவிட்டாள்.

"அக்கா," என்றார் என்னிடம், மெதுவாக, "நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

நான் வெளியே போய், நடைவழியில் நின்றேன். உள்ளே மீதிப் பதிவு ஓடியது. கதவுக்கு இந்தப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா மேற்கொண்டு என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மலரிடம் நான் கேட்டதில்லை. நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள்.

என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டபோது நான் வேறு ஆட்களிடம் கேட்டு வாங்கிய இரண்டு காலிக் கருவிகளோடு போனேன். உடனே நகல் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். காலையில் நடந்தது இனி யாருக்கும் நடக்கக் கூடாது. வேலை தெரிந்தவள் வேறென்ன செய்வாள்.

மணியத்தின் கண் சிவந்திருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "அது எதுக்கு?" என்றார்.

"நகல் எடுக்கண்ணே. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்."

"நான் பொறந்தத சொல்ற எடம் வரைக்கும் எடுங்க. எத்தன வேணாலும் எடுங்க. மத்தது வேணாம்."

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு அந்த மீதிதான் முக்கியம் என்பது எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. பிறப்பு ஏன் பதியப்படவில்லை என்பதற்கான பதில் அதில்தான் இருந்திருக்க வேண்டும். வருடக் கணக்கில் அலைந்து தேடியது. "அண்ணே, பேர் போடாம எழுதலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று கூடிற்று.

பிறப்பைச் சொல்லும் பகுதியைத் தனியாக வெட்டி, நகல் எடுத்து, வக்கீலுக்கு அனுப்பினோம். மறுநாள் அதைப் பதிவு இலாகாவில் கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் காரியம் நடக்கவில்லை. இன்னும் இரண்டு சாட்சி கேட்டார்கள், அலைய விட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மலர் அழைத்து, மணியத்துக்கு நீல ஐசி வந்துவிட்டது என்றாள். அன்றைக்கு நான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களுக்குப் பிறந்தநாள் என்று சொன்னேன்.

ஆனால் அந்த மத்தியானத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. முழுப் பதிவும் கருவியில் இருந்தது. அழித்துவிடலாமா என்று மலர் கேட்டாள். மணியம் வேண்டாம் என்றார். அவர் அம்மாவைப் பற்றி யாராவது பேசி அவர் கேட்டது அது ஒன்றுதானாம். இருக்கட்டும், ஆனால் யாரும் கேட்கக் கூடாது என்றார்.

அப்போது நான் செய்தது விதிப்படி தவறு என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். மற்றவர்களின் பதிவுகளையெல்லாம் மலருக்காக வேறு கருவிக்கு மாற்றினோம். அவருடையதை மட்டும் விட்டோம். பிறகு மலரின் எண்ணை எடுத்துவிட்டு, புது எண் பதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து கருவியை மணியம் கையில் கொடுத்தேன். சொத்துப் பதிவில் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிற்பாடு கேள்வி வந்தது. அந்த மத்தியானம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முகம் சுளித்தார்கள், அதோடு விட்டார்கள்.

பூட்டுத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் எவன் திறக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். யார் திறந்தாக வேண்டும், அது அவருக்கு என்றைக்குத் தேவைப்படும், உள்ளே இருப்பது யாருடையது என்று கேட்கிற ஆளாக நீங்கள் இருங்கள். அறையில் இருக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். என்னைக் கண்டாலே எரிச்சல்பட்டவர்கள் இருந்தார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அன்று கருவியை வாங்கிக்கொண்ட மணியம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணைப் பதித்தார். சரியாகப் பதிந்ததா என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகில் நின்றார்.

"அக்கா, நான் இந்த நம்பர மறந்துட்டா?"

"யாராலும் தொறக்க முடியாதுண்ணே. என்னாலயும் முடியாது. டாக்டராலயும் முடியாது."

அவர் கருவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"அப்ப சரி" என்றார்.